என் குறையை நானே கேட்டு வாங்கியது

அன்புள்ள மாப்பிள்ளை முதஸ்ஸிர் அவர்களுக்கு, காஞ்சிபுரத்திலிருந்து மாமா கௌஸ் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் உங்கள் மாமியாரும் நானும் சுகம். நீங்களும் அம்பரீனும் அதேபோல் இருக்க துஆ செய்கிறோம்.

நிற்க. பெருநாளுக்கு வந்தபோது, "வேலையில நம்ம வளர்ச்சிய நம்மதான் பாத்துக்கணும் மாமா. என்கிட்ட என்ன கொறைன்னு மொதலாளிகிட்டயே கேளுங்க" என்று பிரியாணிக்கு நடுவில் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டீர்கள். பெரிய கம்பெனியில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, பட்டுக்கடையில் சேலை விரித்தே தலை நரைத்த நானும் போய்க் கேட்டேன். முதலாளி லோகேஸ்வரன் பயந்துவிட்டார். வேறு கடையில் வேலை கிடைத்துவிட்டதா என்று விசாரித்தார். குறையே இல்லை என்றார். நான் விடவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். மனிதர் அன்று முழுக்கக் கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடை சாத்தும்போது, நான் அதிகம் பேசுகிறேன், கேட்டதற்கு மேல் சேலைகளைப் பிரித்துப் போடுகிறேன், நல்ல விலைச் சேலையைக்கூட 'இந்தக் கலர் பொண்ணுக்கு எடுப்பா இருக்காது' என்று தட்டிவிடுகிறேன் என்றார். வீட்டில் வந்து சொன்னால் உங்கள் மாமியார், "அவருக்கு யோசிக்க ஒரு நாள் ஆச்சா? என்னக் கேட்டிருந்தா யோசிக்கவே வேணாமே" என்கிறாள்.

மறுநாளே திருந்தினேன். கூரத்திலிருந்து தில்லையம்மாள் என்று வழக்கமாக என்னிடமே சேலை எடுக்கும் அம்மா, மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு வந்தார்கள். கேட்டதை மட்டும் விரித்துவிட்டு வாயை மூடி உட்கார்ந்தேன். அந்த அம்மா, பாய்க்கு உடம்பு சரியில்லையா என்று என்னோடு சேலை விரிக்கும் வேணுகோபாலிடம் ரகசியமாகக் கேட்டார். பிறகு மொத்தக் குடும்பமும் எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டது. வருகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை என்பதைப் புதுக் குறையாக முதலாளி சேர்த்துக்கொண்டார். அதோடு விட்டாரா? ருசி கண்டுவிட்டவர் கடையில் எல்லோரிடமும் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். வேணுகோபால் எனக்கு டீ சொல்வதை நிறுத்திவிட்டான். இந்த வயதில் வேலை போனால் எங்கே போவேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அதே அம்மா திரும்பி வந்தார்கள். "எதிர்க் கடையில எதக் காட்டினாலும் சூப்பர்னு சொல்லிக்கினே இருக்காங்க பாய். எது நல்லா இல்லன்னு சொல்ற ஆளு வேணும்" என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அலமாரியையே இறக்கிவிட்டேன். சாயங்காலம் வரை பேசினேன். முகூர்த்தச் சேலையிலிருந்து உறவுக்காரர்களுக்கு வைத்துக் கொடுப்பது வரை எங்களிடமே எடுத்தார்கள். "பழைய மாதிரியே இருங்க பாய்" என்றார் முதலாளி.

ஆகவே மாப்பிள்ளை, என் வளர்ச்சி இத்துடன் நிறைவடைந்தது. நரைத்தவர்களுக்கு இனி யோசனை சொல்லாதீர்கள். அம்பரீனுக்கு எங்கள் துஆவும் முத்தமும். இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமா கௌஸ் பாஷா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். தன் குறையைத் தானே வந்து கேட்ட ஆள் கடையில் நான் ஒருவன்தானாம். ஒன்றாம் தேதியிலிருந்து நான் சூப்பர்வைசர். மேலே எழுதியதை மனதில் வைக்க வேண்டாம். சூப்பர்வைசர் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று உடனே விவரமாக எழுதவும். போன் செய்ய வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும் என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.