ரெண்டாவது ஆணி

திருவண்ணாமலையில் மனசைக் கொட்ட ரெண்டே இடம். ஒண்ணு கோயில். இன்னொண்ணு செங்கம் ரோட்டில் கத்திரி அண்ணனின் சலூன் நாற்காலி. கோயிலில் கூட்டம் ஜாஸ்தி.

அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயசு. பின்னால் லாரி ஹாரன் அடிச்சாலும் திரும்ப மாட்டார். அதனாலேயே கடையில் உட்கார இடம் கிடைக்காது. துண்டைப் போர்த்தினதும் ஆளுங்க ஆரம்பிச்சுடுவாங்க. வெள்ளிக்கிழமை பிரியாணி தின்னதைப் பூக்கடைக்காரர் அங்கேதான் சொன்னார். ஒரு வெள்ளைக்காரர் அவர் பாஷையில் அழுதார். அவரும் நிறுத்தல, அண்ணனும் நிறுத்தல. கடைசியில் மொட்டை.

எதிரே இருக்கிற பஞ்சர் கடை என்னோடது. எனக்குப் பேச்சு அதிகம் வராது.

கீழ்பென்னாத்தூரில் இருக்கிற மகளோடு போனில் பேச ஆசைப்பட்டு, அண்ணன் காது மிஷின் மாட்டினார். வழக்கமா ஷேவிங்குக்கு வர்ற வாத்தியார் அன்னைக்கு வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, கேக்குதா?"

"சூப்பரா கேக்குது. வாங்க!"

"நாளைக்கு வரேன்."

தாடியோடு போனார். மத்தவங்களும் அப்படியே. பத்து நாளில் ஊருக்குள் சாமியார் ஜாஸ்தியான மாதிரி இருந்தது.

மகளா, கடையா? அண்ணன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தார். ஆள் உட்கார்ந்ததும் மிஷினைக் கழற்றி அதில் மாட்டுவார். "ம், பேசு." ஆள் போனதும் காதில் வைத்து மகளுக்குப் போன். கூட்டம் திரும்பி வந்தது. சிலர் ஆணியைத் தொட்டுக் கும்பிட்டே உட்கார்ந்தாங்க.

ஒருநாள் நானும் உட்கார்ந்தேன். மிஷின் ஆணியில்.

"டியூபைக் காதுகிட்ட வச்சா காத்து போற சத்தம் கேக்கும். இப்ப கேக்கல. தண்ணியில முக்கித்தான் ஓட்டை கண்டுபிடிக்கிறேன். வீட்டுல சொல்லல. பயமா இருக்குது."

எனக்கு அது ஆறு மாசப் பேச்சு.

மறுநாள் காலையில் அண்ணன் என் கடைக்கு வந்தார்.

"கடையை மூடு. வேங்கிக்கால்ல காது முகாம்."

"மிஷின் ஆணியில இருந்துச்சே. எப்படிக் கேட்டுது?"

"எங்க கேட்டுது? கண்ணாடியில உன் வாயைப் பார்த்தேன். இத்தினி வருஷமா அப்படித்தான்."

"அப்ப பிரியாணி?"

"தெரியும்."

"வெள்ளைக்காரர்?"

"அது மட்டும் புரியல. அதான் மொட்டை வரைக்கும் போச்சு. பஸ் வந்துடும், வா."

விஷயம் மெதுவாக ஊருக்குத் தெரிஞ்சுது. ரெண்டு நாள் வாயைப் பொத்திக்கிட்டு முடி வெட்டிக்கிட்டாங்க. மூணாம் நாள் மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க.

இப்போ அந்தச் சுவரில் ரெண்டு ஆணி. ஒண்ணு என் மிஷினுக்கு. அவரே அடிச்சார்.