நாலு வார்த்தையில் நடந்த குடும்பம்

நீங்களே சொல்லுங்கள், வாயை வைத்துப் பிழைக்கிற ஒருவன் அந்த வாயைத் தானே பூட்டி, சாவியைக் கட்டினவள் கையில் கொடுப்பானா? நான் கொடுத்தேன்.

ஃபேனும் லைட்டும் விற்கிற கடையில் நான் சேல்ஸ்மேன். ஓட்டுவீடா, மாடிவீடா என்று கேட்பதற்குள் பாதி ஃபேனை விற்றுவிடுவேன். ஆனால் ஒருவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டால், சுழல்வது ஃபேன் இல்லை, என் தலை. "வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசு, தானா வந்துடும்" என்று கேஷியர் யோசனை சொன்னார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சட்டம் போட்டேன். நான் வேலையிலிருந்து வந்தபிறகு வீட்டில் ஆங்கிலம்தான். யார் தமிழில் வாய் திறக்கிறார்களோ, அன்றைய ராத்திரிப் பாத்திரம் அவர்களுக்கு. அவள் பத்தாவதோடு நின்றவள். பாத்திரம் அவளைத் தாண்டி எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். அப்புறம் பேச்சு மாறக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு மகளைச் சாட்சி வைத்து ஒப்புக்கொண்டேன்.

சட்டம் அமலாவதற்கு முன் உச்சரிப்புப் பாடமும் நடத்தினேன். சில சொற்களுக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைக்க வேண்டும் என்றேன்.

"நாக்கைக் கடிச்சுக்கிட்டுத்தானேங்க இத்தனை வருஷமாக் குடும்பம் நடத்துறேன். அது எனக்கு நல்லாவே வரும்" என்றாள்.

கத்திக்கு நைஃப். முன்னால் ஒரு 'கே' இருக்கும், சத்தம் மட்டும் வராது என்றேன்.

"உக்காந்திருக்கும், ஆனா ஒரு வேலையும் செய்யாது. அப்படித்தானே?" நாற்காலியில் சாய்ந்திருந்த என்னை ஒருமுறை பார்த்தாள். "புரிஞ்சிடுச்சு."

மறுநாள் உள்ளே நுழைந்ததுமே கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டேன். வலி எனக்குத் தமிழில்தான் வந்தது. அவள் பாத்திரம் தேய்க்கிற தேங்காய்நாரை எடுத்து நீட்டினாள்.

அவளுக்கு எஸ், நோ, கம், கோ, இந்த நாலு வார்த்தையே குடும்பம் நடத்தப் போதுமாயிருந்தது. நானோ சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்ல எழுவாயைத் தேடி, பயனிலையைப் பிடித்து வருவதற்குள் தட்டே போய்விடும். சண்டை போடலாமென்றால் அதற்கும் வார்த்தை வேண்டும். கோபத்தில் எழுந்து நிற்பேன். "கோ" என்பாள். போவேன்.

பாத்திரம்கூடப் பெரிதில்லை. சாப்பிட்டபின் கடைக் கதை சொல்வது என் வழக்கம். வந்தவர் நடந்த நடையை நடந்து காட்டுவேன். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் வீட்டுக்கு வேகமாக நடந்திருக்கிறேன். சட்டம் வந்ததும் அதுவும் போனது. சாப்பிட்டோம், படுத்தோம். பக்கத்து வீட்டில் எங்களுக்குள் மனஸ்தாபம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒருநாள் ஒரு பெரியவர் ஃபேனைத் திருப்பிக் கொண்டுவந்து, ஓடும்போது மட்டும்தான் காற்று வருகிறது என்று புகார் சொன்னார். இதை அவளிடம் சொல்லாவிட்டால் நான் மனுஷனா? "ஒன் மேன்" என்று ஆரம்பித்தேன். "ஒன் ஃபேன்" என்றேன். அதற்குமேல் வண்டி நகரவில்லை. கன்னத்தில் கை வைத்து வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு ஐந்தாவது வார்த்தையாக "குட்" என்று சொல்லி விளக்கை அணைத்தாள். அன்றைக்கு இருட்டில் நான் பட்ட துக்கத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ தெரியாது.

மறுநாள் சட்டத்தை ரத்து செய்யலாம் என்று தமிழிலேயே கெஞ்சினேன். "நோ" என்றாள். சாட்சியும் "நோ" என்றது. கெஞ்சியதற்கு மொத்தப் பாத்திரமும் என் தலையில் விழுந்தது.

சிங்க் முன்னால் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. தோற்றவன் ஏற்கெனவே தண்டனையில் இருக்கிறான். அவன் எந்த மொழி பேசினால் யாருக்கென்ன? கையில் சாம்பலும் சோப்புமாக, அந்தப் பெரியவர் கதையை எடுத்துவிட்டேன். ஃபேனைக் குழந்தைபோல் அவர் இடுப்பில் வைத்திருந்ததை, வாணலியை இடுப்பில் வைத்துக் காட்டினேன். அவள் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் மூட முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் இன்னொரு கதை சொன்னேன், அதற்கும் சிரித்தாள். கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"என்னால முடியலைங்க, வயிறு வலிக்குது" என்றாள்.

தமிழ். சுத்தமான தமிழ். மாட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு நீயும் தமிழ் பேசிட்ட. பாத்திரம் உன்னுது" என்றேன்.

"எந்தப் பாத்திரம்?" என்றாள். திரும்பிப் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று கவிழ்ந்திருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "பின்னாடி ஒரு வாளித் துணி ஊறிக்கிட்டு இருக்குங்க. அந்தப் பெரியவர் கதையை முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லிக்கிட்டே, அதையும் அலசிக் குடுத்துடுங்களேன்."