சில்லு அண்ணாச்சியின் சீமைச் சுவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் காலத்தில் நடமாடிய கிறுக்கர்களில் எங்கள் தெரு சில்லு அண்ணாச்சிக்கு ஈடாக ஒருவரைச் சொல்ல முடியாது. சொல்ல முயன்றவர்களோடு நான் சண்டைக்கே போயிருக்கிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவருக்கு ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். அது ஒப்புக்கு. உண்மையான உத்தியோகம், இடிபடும் பங்களாக்களில் இருந்து விக்டோரியா மகாராணி காலத்துச் சீமை டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு வருவது. எண்பதுகளில் கையில் காசு புரண்டவர்கள் எல்லாம் தாத்தா கட்டிய வீட்டை இடித்து மொசைக் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் உளியும் ஈரச் சாக்குமாக சைக்கிளில் போய் நிற்பார். ரோஜா, மயில், திராட்சைக் கொடி என்று பூவேலை செய்த சதுரங்கள். எல்லாம் கப்பலில் வந்ததாம். அதைச் சொல்லும்போது தானும் அதே கப்பலில் வந்து இறங்கியவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார்.

இடிக்கும்வரை பொறுத்தாரா என்றால் அதுவும் இல்லை. பழைய பங்களாவில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் போதும், ஆப்பிள் பழத்தோடு ஆஜர். கட்டிலில் கிடப்பவரைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். தளவாய்புரத்தில் ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தே விட்டார். "ஏலே, நான் இன்னும் சாவலை. பொறவு வா!"

அண்ணாச்சி வீட்டில் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேல், எங்கும் டைல்ஸ். அவர் சம்சாரத்தை நான் மதினி என்பேன். மதினிக்கு இருந்தது ஒரே ஆசை, அடுப்படிக்குள் ஒரு குழாய். தெருக்குழாயில் குடம் சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது. அண்ணாச்சியோ, "மொதல்ல அடுப்படிச் சுவத்துல டைல்ஸ் பதிக்கேன். பொறவுதான் குழாய்" என்றார்.

கொத்தனார் வந்து அளந்து பார்த்தார். ஓரத்து வரிசையைக் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்றார்.

"டைல்ஸ்ல உளி பட்டுது, நடக்கதே வேற. பக்கத்துச் சுவத்த உள்ள தள்ளிக் கட்டும்" என்றார் அண்ணாச்சி.

ஊர் உலகத்தில் சுவருக்குத் தக்கபடி டைல்ஸை வெட்டுவார்கள். இந்த மேதை டைல்ஸுக்காகச் சுவரைத் தள்ளினார். அடுப்படி சுருங்கிப்போனது. மதினி திரும்பி நிற்க நினைத்தால், வெளியே வந்து திரும்பிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

அதையும் மதினி பொறுத்துக்கொண்டார். ஆனால் பைப் போட வந்தவர், நடுவில் இருக்கும் மயில் டைல்ஸில்தான் ஓட்டை போட்டாக வேண்டும் என்று சொல்ல, அண்ணாச்சி அவரை வாசல்வரை விரட்டினார். மதினி பையை எடுத்துவிட்டார். "அந்த மயிலோடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு, மம்சாபுரத்தில் இருந்த பிறந்த வீட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டார்.

சமாதானம் பேச அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு மம்சாபுரம் போனார். உண்மையைச் சொன்னால், நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மதினி எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"குழாய் வந்துச்சா?"

"ஏட்டி, அது ஒத்த மயிலுட்டி. சோடியே கெடையாது. சீமையிலயே இப்பம் கெடைக்காது."

"நானும் ஒத்த ஆளுதான். வேற கெடைக்குதான்னு பாத்துக்கிடுங்க."

கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி கொத்தனாரைக் கூப்பிடவில்லை. தானே உளியை எடுத்து மயிலின் வயிற்றில் வைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டை விழுந்தது. கூடவே மயிலின் கழுத்துவரை ஒரு விரிசலும் ஓடியது. சிரிப்பதற்குத் தயாராகத்தான் நின்றேன். சிரிப்பு வரவில்லை.

குழாய் மாட்டிய சேதி கேட்டு மறுநாள் மதினி வந்தார். நேராக அடுப்படிக்குப் போனவர், விரிசல் விட்ட மயிலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதன்மேல் ஒட்டியிருந்த சிமெண்டை முந்தானையால் மெல்லத் துடைத்தார். உள்ளே இருவர் நிற்க இடமில்லாததால் அண்ணாச்சி வெளியிலிருந்தே கேட்டார்.

"தண்ணி நல்லா வருதாட்டி?"

அவரைத் தெருவெல்லாம் கேலி பேசித் திரிந்தவன் நான். அன்றைக்கு, இந்த மனுஷன் என் கூடப் பிறந்த அண்ணனாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.