எலும்புக்குள் வழிகாட்டிய கமராவும் மாமாவின் மேல்மாடியும்

பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடப்பவனுக்கு அபிப்பிராயம் என்று ஒன்று இருக்கலாம் என யாரும் நினைப்பதில்லை. இதை என் கல்யாணத்துக்குச் சற்று முன்பு, மாத்தளை நகரில் ஒரு தனியார் கிளினிக்கில் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மாத்தளைச் செய்தியாளன். யாரையும் நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்பவன் என்று என்னைப் பற்றி எனக்கே உயர்ந்த மதிப்பு இருந்தது. (அமைச்சரின் வாகனத்தையே மறித்தவனாக்கும்.) ஆனால் வருங்கால மாமனாரிடம் மட்டும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாமல் பல வாரங்களாகத் திணறிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு நகரில் ஹார்ட்வெயார் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்கு மேலே பாதி கட்டி நிறுத்திய மாடி. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அந்த மாடியில் குடியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. யட்டவத்த பக்கம் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் அவர் மகள் தர்ஷினிக்கும் ஆசை.

"அப்பா கேட்டா நான் அழுதுருவேன். நீங்கதான் வேணாம்னு சொல்லணும்," என்று அவள் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தாள்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்," என்று நானும் சொல்லியிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் பல் குறுக்கே வந்தது. மேல்வரிசையில், சிரித்தால் பளிச்சென்று தெரிகிற இடத்துப் பல். முன்பே வேர்ச்சிகிச்சை செய்து உறை போட்டிருந்த அந்தப் பல்லின் வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. கண்டியிலிருந்து வந்துபோகும் டொக்டர் அம்மா படத்தைப் பார்த்தார். ஈறைத் திறந்து, எலும்பில் சின்னத் துளை போட்டு, வேரின் நுனியை மட்டும் வெட்டி அடைக்க வேண்டும். சரிவராவிட்டால் பல்லைப் பிடுங்குவதுதான் வழி என்றார். கல்யாணப் படங்களில் ஓட்டைப் பல்லோடு சிரிக்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். உடனே சம்மதித்தேன்.

வேர் நுனிக்குப் பக்கத்திலேயே கன்ன எலும்புக்குள் ஒரு காற்றறை இருந்ததால், துளை கொஞ்சமும் விலகக் கூடாது. அதற்காகத்தான் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. என் தாடையின் முப்பரிமாணப் படம் கணினியில் ஏற்கனவே இருக்கும். என் பற்களில் ஒரு பிடியை மாட்டி, அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட சிறு தகடு ஒன்றை வைப்பார்கள். துளையிடும் கருவியிலும் அதேபோல் ஒன்று. மேலேயிருக்கும் கமரா இரண்டு தகடுகளையும் பார்த்து, கருவியின் முனை எலும்புக்குள் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும். இலக்கைத் தொட்டதும் மிச்ச வேலை, எதையும் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே.

துணைக்கு ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். மாமா தானே வருவதாகச் சொல்லி, கடை வான் வண்டியை எடுத்துவிட்டார். (அப்போதும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.) வெளியே உட்காரச் சொன்னதற்கு, "டொக்டர், நான் ஒரு மூலைல நிக்கிறேங்க. மெஷின்னா எனக்கு உசிரு," என்றார். கருவியைப் பற்றிப் பெருமையாக இருந்த டொக்டர் அம்மா, அவருக்கும் ஒரு தொப்பியும் முகக்கவசமும் கொடுத்து உள்ளே விட்டார்.

வேலை தொடங்கிய சற்று நேரத்தில் இயந்திரம் கூவியது. திரையில் படம் அப்படியே நின்றுவிட்டது.

"ஐயா, கமராவ மறைக்கிறீங்க."

"நானா? நான் சும்மாதானே நிக்கிறேன்."

"அதத்தான் சொல்றேன். உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார். ஆனால் வாய் உட்காரவில்லை. "இது நம்ம போன் வழி காட்டுற மாதிரிதானே டொக்டர்? அன்னைக்கு வில்கமுவைக்கு சீமெந்து ஏத்திக்கிட்டுப் போனோம். அது சொன்னபடியே போய் லொறி வயலுக்குள்ள எறங்கிருச்சு. என்ன மாப்புள?"

மாமா "என்ன மாப்புள?" என்று முடித்தால் தலையாட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைமாரின் அடிப்படைக் கடமை அது. ஆட்டினேன். கருவியின் முனை அப்போது எலும்பைத் தொட்டிருக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

டொக்டர் அம்மா கையை எடுத்துக்கொண்டார். "தம்பி, தலைய ஆட்டக் கூடாது. வெளங்குதா?"

விளங்கியது. அதற்கு அடையாளமாக மறுபடியும் தலையாட்டினேன்.

"வலிச்சா மட்டும் இடது கையத் தூக்குங்க. இனி ஆடினீங்கன்னா நான் நிப்பாட்டிருவேன். பொறகு பல்லக் கழட்டத்தான் வேணும்."

அதன்பிறகு நான் ஆடவில்லை. துளை சரியான இடத்தில் போய் நின்றது என்றார்கள். நுணுக்குக்காட்டியை என் முகத்துக்கு மேல் இழுத்தார்கள். சுவரிலிருந்த திரையில் என் வேர் நுனி பலாக்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. அறை அமைதியானது. அந்த அமைதிதான் மாமாவுக்குப் பொருத்தமான நேரமாகப் பட்டிருக்க வேண்டும்.

"மாப்புள, இப்படி ஆறுதலா பேச பொறகு எங்க நேரம்? அந்த மேல்மாடி விசயம். டைல்ஸ் கடையிலயே இருக்கு. மேசன் பாஸ் நாளைக்கே வாறேங்கிறாரு. ஒங்களுக்கு வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இத்தனை வாரங்களாக நான் காத்திருந்த கேள்வி. இவ்வளவு நியாயமாக அவர் முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. தலையை ஒருதரம் இடமும் வலமும் அசைத்தால் யட்டவத்த வீடு. அசைத்தால் பல் போய்விடும்.

யோசித்து, இடது கையைத் தூக்கினேன்.

"வலிக்குதா?" என்று கேட்ட டொக்டர் அம்மா, இன்னொரு விறைப்பு ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து மறுபடி தூக்கினேன். "இன்னுமா?" என்று மறுபடி போட்டார். அதன்பின் என் மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இருப்பதாகவே தெரியவில்லை. மூன்றாம் முறை தூக்கியபோது உதவிக்கு நின்ற நர்ஸ் என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க," என்று தடவிக்கொடுத்தார்.

"பாவம், வலி போல," என்றார் மாமா. "மாப்புள, பேச வேணாம். இஷ்டமில்லைன்னா தலைய லேசா ஆட்டுங்க, போதும்."

காத்திருந்தார். நான் கல்லைப் போலக் கிடந்தேன். அமைச்சரை மறித்தவன் ஒரு பல்லுக்காக ஒரு குடித்தனத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா டொக்டர், ஆடவே இல்ல," என்றார் மாமா.

"ஆமா ஐயா. இப்பதான் நல்லா ஒத்துழைக்கிறாரு."

தையல் போட்டு, பஞ்சு வைத்து, அன்று முழுவதும் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் வழியெல்லாம் மாமா வானை ஓரமாக நிறுத்தி நிறுத்தி ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தார். "மாப்புள ஒத்துக்கிட்டாரு. டொக்டருக்கு முன்னுக்குத்தான் கேட்டேன்." பக்கத்தில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த நான் "ம்ம்ம்" என்று கடுமையாக மறுத்தேன். அதை அவர் வலி என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

எனக்குச் சரியாகப் பேச்சு வந்தபோது மாடியில் பாதித் தரைக்கு டைல்ஸ் பதித்தாயிற்று. அத்தை சந்தோஷத்தில் அழுது முடித்திருந்தார். தர்ஷினி மட்டும் தனியாகக் கேட்டாள்.

"ஏங்க, வேணாம்னு நீங்க சொல்லவே இல்லியா?"

"கை தூக்கினேன்."

"ஏலத்துலயா?"

பல் இன்றும் நன்றாக இருக்கிறது. எலும்பு அழகாக வளர்ந்து மூடியிருக்கிறது என்று கடைசியாக எடுத்த படத்தைக் காட்டி டொக்டர் அம்மா சந்தோஷப்பட்டார். நாங்களும் அந்த மாடியிலேயே இருக்கிறோம். நான் மறுக்கக்கூடிய எந்த விஷயத்தையும் என் வாய் சும்மா இருக்கும்போது கேட்கக் கூடாது என்பதை வீடு முழுவதும் கற்றுக்கொண்டுவிட்டது. சோற்று உருண்டையை வாயில் வைத்த பிறகுதான் அத்தை பேச்சைத் தொடங்குவார். போன வாரம் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் தர்ஷினி கதவோரம் வந்து நின்றாள்.

"வஹகோட்டைச் சித்தப்பா குடும்பத்தோட வந்து ரெண்டு கிழமைக்கு நிக்கிறாங்களாம். முன் ரூம குடுப்போம், என்ன?"

நுரையைத் துப்பிவிட்டு நான் நிமிர்ந்தபோது, பெட்டிகள் படியேறி வந்துகொண்டிருந்தன.