கால்காட்டி கோமதிநாயகம்

கால்காட்டி என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. உடம்புக்கு ஒன்று என்றால் டீக்கடை, கல்யாண வீடு, ஏ.டி.எம். வரிசை என்று ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்து காட்டிவிட்டு, டாக்டருக்குக் காட்ட மட்டும் கூச்சப்படும் இனம்.

ஒரகடம் வட்டாரத்தில் இந்த இனத்தின் தலைமகன் கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரர். கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாக நின்றபடியே வேலை. அப்படி நின்றதில் இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, நீலமும் பச்சையுமாகப் புடைத்துவிட்டது. மணிமங்கலத்தில் கம்பெனி பஸ் ஏறி உட்கார்ந்ததும் பேண்ட் முழங்காலுக்கு ஏறும். கால் நடைவழிக்கு நீளும். அப்புறம் என்ன, கருத்தரங்கம்தான்.

"வெங்காயத்த அரைச்சிக் கட்டுண்ணே. எங்க வூட்டாண்ட ஒர்த்தருக்கு ஒரே வாரத்துல பூட்ச்சு" என்பார் கூட வேலை செய்யும் கோபால்.

"அட்டை வுட்டுப் பாருங்கண்ணே, கெட்ட ரத்தத்த உறிஞ்சிடும்" என்பாள் பின்சீட்டு ஷெர்லின்.

வெங்காயம் கட்டினார். அந்த வாடைக்கு, யார் சாப்பாட்டு டப்பா திறந்து கிடக்கிறது என்று சூப்பர்வைசர் லைன் முழுக்கத் தேடினார். அட்டையும் விட்டார். கருத்து எதுவும் சொல்லாமல் வேலையைப் பார்த்தது அது ஒன்றுதான்.

கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, புண் வந்தது. மனைவி முத்துச்செல்வி பயந்துபோய் அழுதே விட்டாள். "ஊரு பூரா காலக் காட்டியாச்சி, டாக்டருட்ட மட்டும் காட்ட மாட்டியளோ?"

போனார். அங்கே பேண்டை இரண்டு விரல் அளவுதான் தூக்கினார் மனிதர்! ஸ்கேன் எடுத்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "மேல ஏற வேண்டிய ரத்தம் வால்வு கெட்டுப்போனதால கீழயே தேங்குது. இறுக்கமான காலுறை போடுங்க, படுக்கும்போது கால உயர்த்தி வைங்க, வீக்கம் குறையும். ஆனா கெட்ட குழாய லேசர்ல அடைச்சாத்தான் புண்ணு சீக்கிரம் ஆறும். சின்னக் கிளைக்கு ஊசி போதும். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். வியாழக்கிழமை வாங்க. தள்ளிப்போட்டா புண்ணு பெருசாகும்."

இதற்குமேல் என்ன வேண்டும்? கோமதிநாயகத்துக்கு ஓட்டெடுப்பு வேண்டும். மறுநாள் பஸ்ஸில், "லேசர் பண்ணலாம்ங்கவிய கையத் தூக்குங்க" என்றார். ஒரே ஒரு கை எழுந்தது. அதுவும் மேலே இருந்த பையை எடுக்க எழுந்த கை.

டாக்டர் தோற்றார். வியாழக்கிழமை முத்துச்செல்வி டோக்கனோடு ஆஸ்பத்திரியில் காத்திருந்தாள். இவர் பஸ்ஸில் இருந்தார். நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

பத்து நாளில் புண் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. பஸ்ஸில் கட்டை அவிழ்த்தார். எட்டிப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு ஷெர்லின் அலறினாள்: "ஐயோ அண்ணே, மொதல்ல டாக்டராண்ட போங்க!"

"இன்னாத்துக்கு இன்னும் இங்க குந்திக்கினு கீற?" என்று கோபாலும் சீறினார். கேட்காமலே எல்லாக் கையும் எழுந்தது.

கோமதிநாயகத்துக்கு நெகிழ்ச்சியில் கண் கலங்கியது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா! சரி, எந்த டாக்டருட்ட போவட்டும்?"

இருபத்து மூன்று பேர் இருபத்து மூன்று டாக்டர்களைச் சொன்னார்கள். இதுவரை வாயே திறக்காத டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இருபத்து நான்காவது பெயரைச் சொன்னார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே உங்கள் கெண்டைக்காலை ஒரு தடவை தடவிப் பார்த்தீர்களே, அதை நாங்களும் பார்த்தோம். தடவியதில் தப்பில்லை. தடவிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று திரும்பினால்தான் ஆபத்து. அந்தப் பஸ்ஸில் உங்களுக்கும் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.