கோட்டுக்கு நடந்த வழியனுப்பு விழா

ஒரு குடும்பம் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குக் குடிபோக வேண்டுமென்றால், சாமான் கட்டக் கயிறும் ஏற்ற லாரியும் போதும் என்று நினைப்பவர்கள் பாமரர்கள். ஏரிக்கரை நகரமான முவான்சாவின் பாறைமேட்டுத் தெரு அலுவலகம் அப்படி நினைப்பதில்லை. புறப்படுகிறவர் மெய்யாகவே புறப்படுகிறார் என்பதற்கு முத்திரை வைத்த கடிதம் வேண்டும். அது இல்லாத லாரி வழியிலுள்ள சோதனைச் சாவடிகளின் கண்ணுக்குத் திருட்டுச் சாமான் லாரி. அந்தக் கண்ணை மூடவைக்க வேறு வழியும் உண்டு. அதை எழுதுவது நாகரிகமல்ல.

சந்தையில் பழைய துணி மூட்டை பிரித்து விற்கும் கபுலாவுக்கு இந்தக் கடிதம் தேவைப்பட்டது. அவள் கணவன் ஷிஜா ஏரிக்கரையில் ஒன்பது வருஷம் மீன் எடை போட்டவன். ஏரியில் மீன் குறைந்தது, வேலையும் போனது. இப்போது நாட்டின் மறுகோடியில், கடலோரத் தாங்கா நகரத்துக் கிடங்கு ஒன்றில் எடை பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெயர்க்காரருக்குப் போய்விடும். வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்றும் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகள்.

திங்கட்கிழமை காலையிலேயே கபுலா தெரு அலுவலர் ருகும்பிக்கா முன்னால் போய் நின்றாள்.

"கடிதம் தரலாம்மா," என்றார் அவர். "ஆனா நீங்க போறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்றேனே அய்யா."

"போகாதவனும் அப்படித்தான் சொல்றான்."

"லாரி வாசல்ல நிக்குது. எட்டிப் பாருங்க."

"லாரி வந்தாலும் நிக்கும், போறதுக்கும் நிக்கும். அதுக்கென்ன வாயா இருக்கு?"

"அப்ப எதைத்தான் அத்தாட்சின்னு எடுத்துக்குவீங்க?"

ருகும்பிக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழியனுப்பு விழா. விழா நடந்தா ஆள் போறார். விழா இல்லாமப் போறவன், ஓடிப்போறவன். ஓடிப்போறவனுக்கு நான் கடிதம் கொடுத்தா நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

அந்த ஊரில் கொஞ்ச காலமாக இப்படியொரு மோகம். கல்யாணம், பட்டமளிப்பு, பல் பிடுங்கல் எதுவானாலும் கமிட்டி உண்டு. கமிட்டிக்குத் தலைவர், செயலாளர்; வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் துணி; மேடையில் ஒரு சிறப்பு விருந்தினர். பக்கத்து வீட்டு நியாமிசி ஏழு கமிட்டிகளின் தலைவி. எட்டாவதை அன்று மத்தியானமே கூட்டிவிட்டாள்.

"சிறப்பு விருந்தினர் யாரு?" என்று கேட்டாள் கபுலா.

"ருகும்பிக்கா அய்யாதான். அவருக்கு ஞாயித்துக்கிழமைதான் ஒழியுமாம்."

கபுலா மறுபடி ஓடினாள். "வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் தாங்காவுல இருக்கணும் அய்யா. ரெண்டு நாள் பஸ்."

"இருக்கட்டும். நல்ல விஷயம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை விழாவுல எப்படி இருப்பார்?"

"அதுவும் இருக்கணும். அது உங்க குடும்ப விவகாரம், நான் தலையிடக் கூடாது."

பெல்ஜியத்தான் பழைய சட்டையை அமெரிக்கச் சட்டை என்று விற்கத் தெரிந்தவளுக்கு இதுவா பெரிய காரியம்? புதன்கிழமை விடியலில் ஷிஜாவை ஒரு பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமை அவன் கையெழுத்துப் போட்டான். சனி, ஞாயிறும் வருகைப் பதிவேட்டில் போட்டான். கிடங்குக்கு விடுமுறை கிடையாது.

ஞாயிறு மாலை தெரு முழுக்க ஊதாத் துணி. பெரிய பாத்திரத்தில் புலாவ், வாட்டிய ஆட்டுக்கறி, பெட்டி பெட்டியாகச் சோடா. மேடையின் நடு நாற்காலி காலி.

"அக்கா, உன் வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டாள் நியாமிசி.

"தாங்காவுல."

"அடிப்பாவி! நிகழ்ச்சி நிரல்ல அவர் பேரு இருக்கே!"

"இருந்துட்டுப் போகட்டும். அவரோட கோட்டை நாற்காலியில மாட்டிடறேன்."

நியாமிசி தலைவிக்குரிய கவலையோடு யோசித்தாள். "கோட்டு என்ன நிறம்? ஊதாவுக்கு ஒத்துப்போகுமா?"

ஒத்துப்போனது. ருகும்பிக்கா முக்கால் மணி நேரம் பேசினார். காகிதத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. "ஷிஜா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். இப்போதும் பாருங்கள், எவ்வளவு அடக்கம்!" என்றார். கோட்டுக்கு ஜிகினா மாலை போட்டார். கட்டிப்பிடித்தார். தெருவே அழுதது. அழுகிறபோதே போட்டோவும் எடுத்துக்கொண்டது.

பிறகு கடிதம் வந்தது. கபுலா அதைப் படித்து உதட்டைப் பிதுக்கினாள். அவள் எதையும் முதல் பேச்சில் வாங்கியதில்லை.

"'புறப்படுவதாக அறியப்படுகிறது.' இது என்ன அய்யா, சோத்துக்கில்லாதவன் ஜாமீன் போட்ட மாதிரி? சாவடிக்காரன் 'யாரு அறிஞ்சா'ன்னு கேப்பான். 'என் கண்ணால் கண்டேன்'னு போடுங்க."

"கண்டேன்னா போடணும்?"

"மாலை போட்டீங்களா இல்லையா? கட்டிப்பிடிச்சீங்களா இல்லையா?"

"ஆமா, பிடிச்சேன்."

"போடுங்க. நாள் போடுங்க, மணி போடுங்க. சாட்சி எத்தனை?"

"மூணு போதும்மா."

"மூணா? தின்னது நாப்பத்திரண்டு பேரு. நாப்பத்திரண்டும் கையெழுத்துப் போடட்டும்."

அப்படிப்பட்ட கடிதத்தை அந்தச் சாலை அதுவரை கண்டதில்லை. எந்தச் சாவடியிலும் லாரியை நிறுத்திவைக்கவில்லை. ஓரிடத்தில் சல்யூட் அடித்தார்கள்.

தாங்காவில் வந்திறங்கிய கபுலாவிடம் கிடங்கு அதிகாரி அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க வாங்கினார். இரண்டு தரம் படித்தார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உங்க வீட்டுக்காரர் முவான்சாவுல இருந்திருக்கார்."

"அது கோட்டுங்க."

"கோட்டுன்னு எங்கயும் எழுதலையே."

ஷிஜா பதறினான். "அய்யா, அந்த நேரம் நான் இங்க மூட்டை எடை போட்டுக்கிட்டிருந்தேன். நீங்களே பக்கத்துல நின்னீங்களே!"

"நின்னேன். அது நான் பார்த்தது. இது முத்திரை. ரெண்டும் ஒண்ணாகுமா? இல்லாத ஊர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது வருகைப் பதிவேட்டு மோசடி." சற்று இரக்கம் வந்து சேர்த்துக்கொண்டார்: "விழாவுல நீங்க இல்லைன்னு அதே அலுவலகத்துல எழுதி வாங்கிட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன்."

கபுலா ருகும்பிக்காவுக்குப் போன் போட்டாள். "கோட்டைக் கட்டிப்பிடிச்சேன்னு நானே எழுதித் தரணுமா?" என்று கேட்டு அவர் வைத்துவிட்டார். நியாமிசிக்குப் போட்டாள்.

"அக்கா, நாங்க அழுத போட்டோ ஊரெல்லாம் சுத்துது. கோட்டுக்குத்தான் அழுதோம்னு எப்படிச் சொல்றது? எங்களுக்கும் மானம் இருக்குல்ல? நாப்பத்திரண்டு பேரையும் கேட்டுட்டேன். அவர் கொஞ்சம் இளைச்சுத் தெரிஞ்சார்னு ஒருத்தர் மட்டும் சொல்றார்."

மறுநாள் சாயங்காலம் அடுத்த பெயர்க்காரர் புதுச் செருப்போடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி சாட்சிப் பட்டியலை ஷிஜாவிடம் நீட்டினார். "முதல் கையெழுத்து யாருதுன்னு நீங்களே படிங்க."

ஷிஜா படித்தான். "கபுலா. மனைவி."

அவளைப் பார்த்தான். பட்டியலைப் பார்த்தான். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன், தணிந்த குரலில் சொன்னான்:

"நீயே பார்த்திருக்கேன்னா, நான் அங்கதான் இருந்திருப்பேன் போல."