நடக்கல நோட்டு

வாஷிங் மெஷினின் அடிவயிற்றில் கைவிட்டு, தண்ணீர் வெளியேறும் குழாயை அடைத்திருந்த பொருளை மெக்கானிக் ஒருவழியாக வெளியே எடுத்தார். ஒரு பித்தளைப் பொத்தான். ஈரத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு கடித உறை. உறையின் இரண்டு பக்கமும் இறக்கை.

அவர் கை தானாக அதைச் சட்டைப்பைக்குள் போட்டது.

"என்ன தம்பி, பெரிய கோளாறா?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

"இல்லைங்கம்மா. வெறும் அடைப்புதான். எடுத்தாச்சு."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தார். தடிமனான மூக்குக்கண்ணாடி. முழங்கால் மேல் வெந்நீர்ப் பை. கையில் செய்தித்தாள். ஆனால் அந்தத் தோள்கள்! நாற்காலியின் இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்த அந்தத் தோள்களை உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் மறைக்கலாம், மெக்கானிக்கிடம் மறைக்க முடியாது.

டிவி மல்யுத்தத்தில் வந்த தபால்காரன்.

"டீ குடிக்கிறீங்களா தம்பி?"

"வேண்டாங்கம்மா."

கருவிப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி, தெருமுனைக்கு வந்து நின்றார். பொத்தான் தன் சட்டைப்பையிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது வருடமாக ஒரு மனிதருக்கு நன்றி சொல்லக் காத்திருந்து, அவர் வீட்டுக்கே போய், அவர் பொத்தானைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறார்.

திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சங்கம் இருக்கிறதே!

சங்கத்தில் மொத்தம் நான்கு பேர். தலைவர் மருந்துக்கடைக்காரர். செயலாளர் கணக்கு டீச்சர். கூட்டம் நடக்கும் இடம் தையல்காரரின் கடை. நான்காவது ஆள் மெக்கானிக். வாரம் முழுக்க மெஷின்களோடு மட்டும் பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த மூவரோடு டிவியில் மல்யுத்தம் பார்த்துக் கத்துகிற இரண்டு மணி நேரம்தான் அவருக்கு மனித சகவாசம்.

மல்யுத்தம் எழுதிக்கொடுத்த கதைப்படி நடக்கிறது என்பது சங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அதைப்பற்றி அவர்களுக்கு வருத்தமில்லை. எழுதிய கதை கேவலமாக இருந்தால்தான் வருத்தம். அப்படிப்பட்ட கதைகளை ஓட்டெடுப்பு நடத்தி இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். அதற்கென்று டீச்சரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்டையில் சிவப்பு மையில் 'நடக்கல' என்று எழுதியிருக்கும். நோட்டில் ஏறிய சங்கதியை யாராவது வாய்தவறிச் சொன்னால், மற்ற மூவரும் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்வார்கள். சொன்னவர் "நடக்கல, நடக்கல, நடக்கல" என்று மூன்று தடவை சொன்னால்தான் திரும்புவார்கள்.

நோட்டின் முதல் பக்கத்திலேயே, ஏகமனதாக, தபால்காரன் வந்த இரண்டு வருடங்களும் மொத்தமாக ஏறியிருந்தன.

தபால்காரன் நீல உடுப்பில் வருவார். எதிராளியைச் சாய்த்ததும் அவன் நெற்றியில் 'பட்டுவாடா ஆனது' என்று முத்திரை குத்துவார். கயிற்றுக்கு வெளியே தூக்கி எறிந்தால், 'விலாசதாரர் இல்லை' என்று அறிவிப்பார். ஞாயிற்றுக்கிழமை வைத்த சாம்பியன் போட்டிக்கு, விடுமுறை நாள் என்று சொல்லி வராமலே தோற்றார். பிறகு கூரியர்க்காரன் என்று ஒரு இரட்டைப் பிறவி எங்கிருந்தோ முளைத்து, அவருடைய கல்யாணத்தை ரிங்கிலேயே நிறுத்தினான்.

"மல்யுத்தத்துக்குப் பிடிச்ச சளி" என்றார் தலைவர். அன்றைக்கு நான்கு கைகளும் உயர்ந்தன. மெக்கானிக்கின் கை கடைசியில், முழங்கை அளவுக்கு.

பிறகு ஐந்தாவதாக ஒரு போட்டோக்காரர் சங்கத்தில் சேர்ந்தார். "அந்தக் கூரியர் கல்யாணம் மட்டும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று ஒரு தடவை சொன்னார். இப்போது நோட்டின் ஏழாம் பக்கத்தில் 'போட்டோக்காரர்' என்று ஒரு வரி இருக்கிறது. அவர் எதிரில் வந்தால் மூவரும் மின்கம்பத்தைக் கண்டதுபோல ஒதுங்கிப் போவார்கள். மெக்கானிக்கும்தான். கொஞ்சம் தள்ளிப் போன பிறகு மெக்கானிக் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

"அந்த ரெண்டு வருஷமே நடக்கலைன்னா, நம்ம பொண்ணு எப்படிப் பொறந்தா?" என்று மெக்கானிக்கின் மனைவி ஒருநாள் கேட்டார்.

"அது மட்டும் நடந்துச்சு."

"அப்ப நம்ம கல்யாணம்?"

"அதுக்கு முன்னாடி வருஷம். அது செல்லும்."

"அடடா" என்றார் மனைவி, ஏமாற்றமாக.

ஞாயிறு கூட்டத்தில், கீழே விழுந்த ரிமோட்டை எடுக்க மெக்கானிக் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து பொத்தான் விழுந்து, உருண்டு, தலைவரின் செருப்பில் முட்டி நின்றது.

தையல்காரர் கையிலிருந்த டீயை அவசரமாகக் கீழே வைத்தார்.

"இது எங்க கிடைச்சுது?" என்றார் தலைவர். செருப்புக் காலை மட்டும் அசைக்கவில்லை.

"அதுங்க... பொண்ணுக்கு ஒரு நாடகம். தபால்காரர் வேஷம். அதுக்காக வாங்கினது."

"தபால்காரரா?" தலைவர் எழுந்தே விட்டார். "எந்தத் தபால்காரன்? நீல உடுப்பு, பதினோரு பித்தளைப் பொத்தான், இடது தோள்ல பை, வலது காதுக்கு மேல பென்சில். அப்படி ஒரு ஆளே கிடையாது!"

"இல்லைங்க, சாதாரண தபால்காரர். வீட்டுக்குக் கடிதம் கொண்டுவர்றவரு."

"எந்த நாடகம்?" என்று டீச்சர் கேட்டார். "உங்க பொண்ணு எங்க ஸ்கூல்தானே? நாடகப் பொறுப்பே எனக்குத்தான். எனக்குத் தெரியாம என்ன நாடகம்?"

மெக்கானிக் ரிமோட்டைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். "ஸ்கூல்ல இல்லைங்க டீச்சர். எங்க தெருக் குழந்தைங்க எல்லாம் சேர்ந்து போடறாங்க."

"அப்படியா! அப்ப ஒத்திகைக்கு நான் வர்றேன். குழந்தைங்களுக்கு மேடைக்கூச்சம் இருக்கும்."

"உடுப்பு என் பொறுப்பு" என்றார் தையல்காரர், பொத்தானைப் பொறுக்கிக் கையில் மூடிக்கொண்டே. "மாதிரிக்கு இது எங்கிட்ட இருக்கட்டும்."

"யாராவது தலைமை தாங்கணுமே" என்றார் தலைவர், கொஞ்சம் சமாதானமாகி. "அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்ல."

விஷயத்தைக் கேட்ட மனைவி விரல்விட்டு எண்ணினார். "நம்ம தெருவுல மொத்தம் மூணு குழந்தைங்க. ஒண்ணு நம்மளது. ஒண்ணுக்குப் பல்லே முளைக்கல. இன்னொண்ணு யாரைப் பார்த்தாலும் கடிக்கும்."

"கடிக்கிறவனுக்கு நாய் வேஷம் கொடுத்துடலாம்."

"உங்களுக்கு என்ன வேஷம்?"

ஒன்பது வயது மகள் குறுக்கே புகுந்து தீர்மானமாகச் சொன்னாள்: "எனக்குத் தபால்காரர் வேஷம் வேணாம்பா. நான்தான் கதை எழுதுவேன்."

திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"தம்பி, மெஷின்ல ஒரு பித்தளைப் பொத்தான் கிடைச்சுதா? பழைய உடுப்பை நான் தெரியாம மெஷின்ல போட்டுட்டேன். பத்து பொத்தான்தான் இருக்கு. இவரு ரெண்டு நாளா கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடறாரு. முட்டி வலிக்குதுன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

"இருக்குங்கம்மா. மதியத்துக்குள்ள கொண்டுவந்துடறேன்."

நேராகத் தையல் கடைக்கு ஓடினார். தையல்காரர் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு குட்டிக் கோட்டைத் தூக்கிக் காட்டினார். நீலத் துணி, காலரில் சிவப்புக் கரை, மார்பில் வரிசையாகப் பதினோரு பொத்தான்கள். பதினொன்றும் ஒரே அச்சு.

"விடியறதுக்கு முன்னாடியே உட்கார்ந்துட்டேன். எப்படி?"

"அண்ணே, நான் கொடுத்த பொத்தான் எது?"

"இதுல ஒண்ணு."

"மிச்சம் பத்து எங்க இருந்து வந்துச்சு?"

தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதில் திடீரென்று மும்முரமானார். "தையக்கடையில பொத்தான் இல்லாம என்ன இருக்கும்? எடுத்துட்டுப் போங்க. குழந்தைக்குப் போட்டுப் பாருங்க."

ஆகவே மதியம் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது, ஒரு பொத்தானைத் திருப்பிக் கொடுக்கப் போன மனிதரின் கையில் ஒன்பது வயதுக் குழந்தையின் அளவில் ஒரு முழுக் கோட்டு இருந்தது.

பெரியவர் கோட்டைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"தம்பி, தண்ணில நனைஞ்சா துணி சுருங்கும்னு தெரியும். பொத்தானைக் கொடுத்தா உடுப்பு முளைக்குமா?"

"உங்க பொத்தான் இதுல இருக்குங்கய்யா. எதுன்னுதான் தெரியல."

பெரியவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பொத்தானாக விரலால் தடவினார். ஏழாவதில் விரல் நின்றது. "இதுதான். ஓரத்துல பாருங்க, பல்லுத் தடம். கூரியர்க்காரன் கடிச்சது. ரொம்ப நல்ல பையன். இப்ப கிளி வளக்கறான்."

மெக்கானிக்கால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஐயா, உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கு" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ கூட இல்லை. ஆறு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அவரும் மனைவியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அழுகை வரும். எதிரில் சத்தம் இல்லாமல் ஒரு டிவி ஓடும். ஒரு சாயங்காலம் அதில் தபால்காரன் வந்தார். எதிராளியை விட்டுவிட்டு, நடுவரைத் தூக்கிப்போட்டு, நடுவரின் நெற்றியில் முத்திரை குத்தினார். ஆள் மாறியது தெரியாமல் நான்கு பக்கமும் கும்பிடு போட்டார்.

"என் சம்சாரம் சிரிச்சிட்டாங்கய்யா. குழந்தை பொறந்ததுக்கப்புறம் முதல் தடவை. அவங்க சிரிச்சதைப் பார்த்து நானும் சிரிச்சேன். நர்ஸ் வந்து சத்தம் போட்டாங்க. அப்பவும் நிறுத்த முடியல. அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சாப்பிட்டோம். இந்தக் குழந்தை பொழைச்சிடும்னு அன்னிக்குத்தான் எங்களுக்குத் தோணுச்சு."

பெரியவர் கழற்றிய கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அது கதையில இல்ல தம்பி" என்றார் பிறகு. "கண்ணாடி போட்டுக்கிட்டு ரிங்குல ஏற முடியாதே. எதிராளி யாரு, ரெஃப்ரி யாருன்னே எனக்குத் தெரியல. அதுக்காகத்தான் அந்த மாசமே என்னை வேலையை விட்டு எடுத்தாங்க. ஒம்பது வருஷமா நினைக்கும்போதெல்லாம் கூசும். இனிமே கூசாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "குழந்தை எப்படி இருக்கா?"

"நாடகம் எழுதிக்கிட்டு இருக்காங்கய்யா."

"அப்ப பெரிய ஆளா வருவா. எங்க கதையை எழுதினவனுக்கு எழுதவே தெரியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியவர் ஏழாவது பொத்தானை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, கோட்டை மடித்து மெக்கானிக்கின் கையில் வைத்தார். வெளியே வந்தபோது மெக்கானிக்குக்கு உடம்பு பஞ்சாக இருந்தது. செருப்பு மாட்டும்போது வாசல் கதவையே ஒரு தடவை தட்டிக்கொடுத்தார்.

அப்புறம்தான் சங்கத்தின் ஞாபகம் வந்தது. வழியனுப்ப வந்த அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"அம்மா, நான் இங்க வந்தது யாருக்கும் தெரிய வேணாம். எங்க சங்கத்துல மூணு பேர் இருக்காங்க. மருந்துக்கடைக்காரரு, ஒரு டீச்சரு, ஒரு தையல்காரரு. ரொம்பக் கறார். தெரிஞ்சா அப்படியே என்னை ஒதுக்கி வெச்சிடுவாங்க. நான் வாரத்துல ஒருநாள் அய்யாவை வந்து பார்த்துட்டு, சத்தமில்லாம போயிடறேன். நீங்க மட்டும் வாயைத் திறக்காதீங்க."

அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"நான் எங்க தம்பி வாயைத் திறக்கப்போறேன்! செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்காரரு வர்றாரு, புதன்கிழமை அந்த டீச்சரம்மா, வியாழக்கிழமை தையல்காரரு. உங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒத்துவருமா?"